எண்பத்தேழு கையெழுத்து, ஒரு புகார்

போன மாதம் ஈப்போவின் ஜெலாப்பாங் சந்தையில் கோழி வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு காலத்தில் வேலை பழகிய கவிதா பின்னால் வந்து தோளைத் தட்டினாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? உங்க கவுண்டர மூடிட்டாங்கலா. இனிமே புகார் எல்லாம் கைப்பேசி ஆப்ஸ்லதான்."

முப்பத்து மூன்று ஆண்டுகள் நகராண்மைக் கழகத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கண் கலங்கும் என்று கவிதா எதிர்பார்த்திருப்பாள். எனக்கு நினைவுக்கு வந்ததோ அந்த நாற்காலியின் ஆடும் கால்தான். அதைச் சரிசெய்யச் சொல்லி நானே முறைப்படி பாரம், அதாவது புகார்ப் படிவம், நிரப்பிக் கொடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் நடவடிக்கை இல்லை. புகார் வாங்குகிறவளின் புகாருக்கே அந்தக் கதி.

"புதுப் பிள்ளைங்க வந்திருக்காங்கக்கா. ஒன்னும் தெரியல. உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். பாயிண்ட் பாயிண்ட்டா இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

என்னிடம் பாயிண்ட் எதுவும் இல்லை. ஒரு பாலம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று மாதப் பயிற்சி. ஒரு பாரத்தில் மூன்று தாள்: மேல்தாள் எங்களுக்கு, நீலத்தாள் இலாகாவுக்கு, ரோஸ்தாள் புகார்தாரருக்கு. 'பெறப்பட்டது' முத்திரையை வலது மேல் மூலையில் குத்த வேண்டும். சாய்வாகக் குத்தினால் திட்டு விழும். எங்களிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன: நடவடிக்கை எடுக்கப்படுகிறது, சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அனுப்பப்பட்டது, எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. இவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் பணி ஓய்வு வரை போய்விடலாம். பலர் போனார்கள்.

நான் போகாமல் போனதற்குக் காரணம் குலசிங்கம் சார். புகார்ப் பிரிவின் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஈப்போ வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். கடிதம் எதுவாக இருந்தாலும் எழுந்து நின்றுதான் படிப்பார். "எழுதினவர் பஸ்சிலே நிண்டுகொண்டு வந்திருப்பார், நாங்கள் இருந்துகொண்டு வாசிக்கிறதோ?" என்பார். பொதுமக்களை அவர் ஒருநாளும் அதட்டியதில்லை. அதற்கும் சேர்த்து எங்களை அதட்டினார்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெரியவரிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சார் கூப்பிட்டார்.

"பிள்ளை, இல்லை எண்டு சொல்லுறதுக்கு உமக்குச் சம்பளம் இல்லை. அந்த வேலையை இந்தக் கட்டடத்திலே எல்லாரும் சும்மாவே செய்யினம். யாரிட்டப் போகவேணும் எண்டு சொல்லத்தான் உமக்குச் சம்பளம். விளங்குதோ?"

விளங்கிற்று. அந்தப் பெரியவரைத் தேடிப் பேருந்து நிலையம் வரை ஓடினேன். அவர் ஏற்கெனவே பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகத்தான் வழி சொன்னேன்.

இனிப் பாலம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் வாயில் நுழையாது. எல்லாருக்கும் அது ஆத்தோரத் தோட்டம். ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு, பிறகு நிலத்தை ஒருவர் மாற்றி ஒருவருக்கு விற்று, கடைசியில் பழைய பாட்டாளிகளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடு கொடுத்தவர்கள் பாலத்தை மறந்துவிட்டார்கள். பழைய தோட்டப் பாலம்தான் இருந்தது. இரண்டு இரும்புச் சட்டம், மேலே பலகை. ஒரு மண் லாரி ஏறி அதில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு மோட்டார் சைக்கிள் மட்டும்தான், அதுவும் தைரியம் உள்ளவர்கள் ஓட்டினால்.

அந்த வீடுகளில் ஒன்றில் மாரியாயி அக்காவும் அவர் கணவர் சின்னப்பனும் இருந்தார்கள். அக்கா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். சின்னப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மையத்தின் வேன் சாலை வரை வரும், பாலத்தைத் தாண்டி வராது. அதனால் செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் சாக்கு விரித்து, கணவரை உட்காரவைத்து, அக்கா பாலத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போவார். திரும்பி வரும்போதும் அப்படியே. மழைக்காலத்தில் தண்ணீர் பலகைக்கு மேலே ஏறிவிடும். அப்படி இரண்டு தடவை டயாலிசிஸ் தவறி, சின்னப்பன் உடம்பெல்லாம் வீங்கி ஈப்போ பெரிய மருத்துவமனையில் கிடந்தார். மூன்றாம் தடவை தவறினால் பார்த்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அடுத்த மழைக்கு ஏழு மாதம் இருந்தது.

தோட்டத்தார் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. எல்லாரும் கோயிலில் கூடி ஒரே மனு எழுதுவார்கள். முதல் கையெழுத்து கோயில் தலைவருடையது. பிறகு வீட்டுக்கு வீடு போய் ஒருவர் விடாமல் வாங்குவார்கள். மனுவின் அடியில் 'நகல்' என்று போட்டு, தெரிந்த பெரிய இடத்துக்கெல்லாம் அனுப்புவார்கள். எத்தனை நகலோ அத்தனை பலம் என்று நம்பிக்கை. என் அப்பாவும் அந்த மாதிரி மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்தான்.

பாலத்துக்கும் அப்படி ஒரு மனு எழுதி, கோயில் தலைவர் முனியாண்டி வெள்ளைச் சட்டையில் எங்கள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். பின்னால் பதினைந்து பேர், ஒரு புகைப்படக்காரர்.

"தங்கச்சி, எழுந்து நில்லும்மா. உறைய இந்தப் பக்கம் புடி. சிரிக்காத, கோரிக்கை மனுலா இது."

நான் எழுந்து, சிரிக்காமல், உறையின் மறுமுனையைப் பிடித்தேன். மறுநாள் பத்திரிகையில் 'அதிகாரியிடம் மனு ஒப்படைப்பு' என்று வந்தது. அதிகாரி நான்தான். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னை அப்படியே கூப்பிட்டார்.

மனுவில் எண்பத்தேழு கையெழுத்து. நகல் எட்டு இடங்களுக்கு. இரண்டு மாதத்தில் எங்கள் பதிலையும் சேர்த்து ஒன்பது பதில்கள் வந்தன. அவ்வளவு மரியாதையான கடிதங்களை நான் படித்ததே இல்லை. இது சாலை, எங்களுடையதல்ல, பொதுப்பணியிடம் நகல் போயிருப்பதைக் கண்டோம், மகிழ்ச்சி என்றது வடிகால் இலாகா. இது ஆற்றின் மேல் இருக்கிறது, வடிகால் இலாகாவிடம் நகல் போயிருக்கிறது, நன்றி என்றது பொதுப்பணி. நிலம் தோட்டக் கம்பெனியுடையது என்றது நில அலுவலகம். தோட்டத்தை விற்றுவிட்டோம் என்றது கம்பெனி. எட்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள், யாராவது ஒருவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகக் கோப்பை மூடியிருந்தார்கள். எங்கள் பதிலை எழுதியது நான். அதைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை. முனியாண்டி அண்ணன் அவற்றில் தங்க முத்திரை போட்ட கடிதத்தை மட்டும் சட்டம் போட்டுக் கோயில் அலுவலகத்தில் மாட்டினார்.

ஒரு புதன்கிழமை மாரியாயி அக்கா தனியாக வந்தார். கணவரை டயாலிசிஸ் மையத்தில் விட்டுவிட்டு, அவர் படுத்திருக்கும் நான்கு மணி நேரத்தில் பேருந்து பிடித்து வந்திருந்தார். ஒன்பது கடிதங்களின் நகலையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். பரப்பிய கையில் தோல் உரிந்திருந்தது.

"தங்கச்சி, எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சொல்லு. இந்த ஒம்போதுல எது மேல வேன் போவும்?"

என்னிடம் தயாராக இருந்த மூன்று பதில்களில் ஒன்றும் இதற்கு ஒத்துவரவில்லை. வெட்கமாக இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குலசிங்கம் சார் எழுந்து வந்து, ஒன்பதையும் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, கையெழுத்து எண்பத்தேழு. ஆனால் புகார் ஒண்டு. எங்கட பதிவேட்டிலே ஒரு எண். ஒரு எண்ணுக்கு ஒரு பதில். அதை இந்தப் பிள்ளை அழகா எழுதிக் குடுத்திட்டுது. கதை முடிஞ்சுது."

"அப்ப என்னா சார் செய்யிறது?"

"எண்பத்தேழு பேரும் வரவேணும். ஒவ்வொருவரும் தனிப் பாரம். தனக்கு என்ன நட்டம் எண்டு தன் வாயாலே சொல்லவேணும். நகல் ஒருத்தருக்கும் வேண்டாம். எங்களுக்கு மட்டும். பதினாலு நாளிலே ஒவ்வொண்டுக்கும் சம்பந்தப்பட்ட அதிகாரி தன் கைப்பட பதில் எழுதவேணும். இது நான் சொல்லுறதில்லை அம்மா, அலுவலக விதி." பிறகு என்னைப் பார்த்து, "எழுதத் தெரியாதவை சொல்லச் சொல்ல கிளார்க் எழுதவேணும். அதுவும் விதி" என்றார்.

அந்த விதியை எழுதியவர் தம் கையால் எண்பது பாரம் நிரப்பியிருக்க மாட்டார்.

அடுத்த திங்கள் வாடகைக்குப் பிடித்த இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்து வாசல் காவலர் கதவைச் சாத்தப் போனார், சார் தடுத்தார். முனியாண்டி அண்ணனுக்கோ வேறு கவலை. எப்போதும் முதல் கையெழுத்து அவருடையது. இங்கே வந்து எல்லாரையும் போல எண் சீட்டு எடுத்ததில் அவருக்கு நாற்பத்தொன்று விழுந்தது.

"என்னாம்மா இது, தலைவருக்கு நாப்பத்தொன்னா?"

"வரிசைப்படிதானே அண்ணே."

"வரிசையே நான்தானே போடுவேன்!"

ஒவ்வொருவராக உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். அதுவரை மனுவில் 'பொதுமக்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாகி' என்று ஒரு வரியாக இருந்தது, அன்றுதான் என்ன சிரமம் என்று தெரிந்தது. ஒருவருடைய ஆடு பலகை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. ஒரு மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார், கல்யாணப் படம் முழுக்க முழங்கால். ஒரு அம்மாவுக்கு எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவன் பாலத்துக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போய்விடுகிறான், உருட்டிக்கொண்டு வருவது இவர்தான். இன்னொருவர், "மேல உள்ளவரு சொன்னதேதான், அப்படியே போட்டுக்க" என்றார். சார் அந்தப் பாரத்தைத் திருப்பி அனுப்பினார்.

"உமக்கு என்ன நடந்தது எண்டு உமக்குத்தானே தெரியும்?"

அந்த மனிதர் திரும்ப வந்து உட்கார்ந்தார். தன் மகள் அந்தப் பாலத்துக்குப் பயந்து தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மாலையில் எண்ணினால் எண்பத்து நான்கு. "மற்ற மூண்டு பேர் எங்கே?" என்று சார் கேட்டார்.

முனியாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். "அவங்க காலமாயிட்டாங்க சார். ஆனா உயிரோட இருந்தப்ப பாலத்த பத்தி அவங்களுக்கும் வருத்தந்தான்."

எண்பத்து நான்கு நீலத்தாளும் பொறியியல் பிரிவுக்குப் போயின. மறுநாள் காலை பொறியாளர் ரஸ்லான் அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர், இளவயது. எண்பத்து நான்கு பதிலும் தன் கைப்பட எழுத வேண்டுமா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சார் விதிப் புத்தகத்தின் பக்கத்தை எடுத்துக் காட்டினார். ஒரே பதிலை எண்பத்து நான்கு பிரதி எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் ஆட்டுக்கு எழுதும் பதில் மாப்பிள்ளைக்குப் பொருந்தாதே என்றார் சார். ரஸ்லான் பெருமூச்சு விட்டு, அப்படியானால் அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டாவது எழுதுகிறேன் என்று கிளம்பினார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார்.

அத்தனை கடிதம் எழுதிய ஒன்பது அலுவலகங்களிலிருந்தும் பாலத்தைப் பார்க்கப் போன முதல் ஆள் அவர்தான். அலுவலகக் காரைச் சாலையில் விட்டுவிட்டு, தோல் சப்பாத்தோடு பலகை மேல் ஏறினார். நடுவில் ஒரு பலகை புரண்டது. தொடை வரை உள்ளே போய்விட்டார். இழுத்து எடுத்தபோது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. கணுக்கால் சுளுக்கி அவரால் ஊன்ற முடியவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மாரியாயி அக்கா வீட்டுக்குப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, சாக்கை உதறி விரித்தார்.

"ஏறிக்கச் சொல்லு தங்கச்சி. பழக்கந்தான் எனக்கு. கவுக்க மாட்டேன்."

ரஸ்லான் வேண்டாம் என்று பார்த்தார். வேறு வழி இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தள்ளினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சின்னப்பன் சத்தம் போட்டார்: "ஏ மாரி, மெதுவா தள்ளுலா! எனக்காச்சும் கிட்னிதான் இல்ல, அவரு கவர்மெண்டு ஆளு!"

பாலத்தைத் தாண்டிச் சாலைப் பக்கம் போய்ச் சேரும்வரை பொறியாளர் கண்ணைத் திறக்கவே இல்லை. வாரத்துக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்டார். போக மூன்று, வர மூன்று என்றேன். காரில் ஏறியதும் பாலத்தின் நீள அகலத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

புதுப் பாலத்துக்கு அவர் போட்ட வரைபடம் பத்து நாளில் தயாராயிற்று. ஆனால் கழகத்தின் முழுக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். பாலம் யாருடையது என்று தெரியாத விஷயம் அந்தக் கூட்டத்துக்குப் போனால் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்றுதான் வெளியே வரும். எனக்குத் தெரிந்து ஒரு கழிவறைக் கூரை நான்கு ஆண்டு அப்படி ஒத்திவைக்கப்பட்டது. மழைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. சாரிடம் புலம்பினேன்.

"பிள்ளை, முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. சட்டத்திலே இருக்கு. மாசாமாசம் நான் பின்னாலே பன்னிரண்டு கதிரை போடுறன். இத்தனை வருசத்திலே ஒருத்தர் வந்து இருந்ததில்லை."

அப்போதுதான் எனக்கு அது தெரியும். அந்த வரிசை விருந்துக்கு மிச்சமானது என்று நினைத்து அதில் கைப்பை வைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தன்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். முனியாண்டி அண்ணனுக்கு நடைபாதையை ஒட்டிய முதல் நாற்காலி கொடுத்ததில் நாற்பத்தொன்றாம் எண்ணின் காயம் ஆறியது. மாரியாயி அக்கா சின்னப்பனை டயாலிசிஸ் முடிந்த கையோடு, கையில் கட்டோடு கூட்டி வந்திருந்தார். பேசக் கூடாது, உட்கார மட்டும்தான் அனுமதி என்று சார் வாசலில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். உறுப்பினர்கள் உள்ளே வந்ததும் பின்னால் மனிதர்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். வழக்கமாகக் கைப்பேசியை நோண்டுகிற இருவர் அதை எடுத்து உள்ளே வைத்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டார்.

பாலத்தின் முறை வந்தது. கழகத் தலைவர் தாளைப் பார்த்தார். "இது யாருடைய பாலம் என்று முடிவாகாததால்..." என்று ஆரம்பித்தார். ஒத்திவைக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து பெரிய குறட்டை கேட்டது. டயாலிசிஸ் களைப்பில் சின்னப்பன் தூங்கிப்போயிருந்தார்.

தலைவரின் செயலாளர் விரைந்து வந்து சாரின் காதில் ஏதோ சொன்னார். சார் எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் பதில் சொன்னார்: "விதியில் பேசக் கூடாது என்றுதான் இருக்கிறது. குறட்டை பற்றி ஒன்றும் இல்லை."

சிலர் சிரித்தார்கள். தூங்குகிறவர் யார் என்று தலைவர் கேட்டார். ரஸ்லான் எழுந்து, அவருக்கு என்ன நோய், இன்று காலை எப்படிப் பாலத்தைத் தாண்டி வந்தார் என்று சொன்னார். "பாலம் யாருடையது என்று எனக்கும் தெரியாது, ஐயா. ஆனால் அதில் விழுந்தவன் நான்" என்று முடித்தார்.

அவை சிரித்துத் தீர்ந்தது. தலைவர் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முதலில் கட்டுங்கள். யாருடையது என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்" என்றார். ஒரு கையும் எதிராக உயரவில்லை. சின்னப்பனை எழுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் செயலியை என் கைப்பேசியிலும் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எனக்கும் இதே புகார்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்களே, அதை எண்பத்தேழு பேர் அழுத்தினாலும் எண் ஒன்றுதான் விழுகிறது. நம் ஆட்கள் அதைத்தான் அழுத்துவார்கள், ஒற்றுமை என்று நினைத்து. அவர்களிடம் சொல்லுங்கள், தனித்தனியாக எழுதட்டும், ஆடு என்றால் ஆடு, பேரப்பிள்ளை என்றால் பேரப்பிள்ளை. உங்களுக்கு வேலை கூடும். எனக்கும் கூடியது.

பாலம் மழைக்கு ஒன்பது நாள் முன்னால் முடிந்தது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினார்கள், பந்தல் போட்டார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய பிரமுகர் பதினொன்றாகியும் வரவில்லை. டயாலிசிஸ் வேன் வந்து ரிப்பன் முன்னால் நின்றது. அது யாருக்காகவும் காத்திருக்காது. அக்கா ரிப்பனைக் கையால் தூக்கிப் பிடித்தார், வேன் அதற்கு அடியில் நுழைந்து பாலத்தைத் தாண்டி நேராக வீட்டு வாசலில் போய் நின்றது. சின்னப்பன் ஏறினார். வேன் திரும்பி வந்தது. ரிப்பன் அறுபடவே இல்லை. பிறகு வந்த பிரமுகர் அதை நல்லபடியாக வெட்டினார், கைதட்டினோம்.

வேன் சாலையில் ஏறும்போது மாரியாயி அக்கா பழக்க தோஷத்தில் அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். சின்னப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்க வார? வீட்டுக்குப் போலா. இன்னிக்கு உனக்கு லீவு!"

அக்கா நின்றுவிட்டார். வேன் மறைந்தபிறகு உரிந்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். புதுப் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, நடுப்பகலில், அவ்வளவு பேருக்கு முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.